பள்ளியில் நர்ஸ் இருக்கும்போது அத்லெட்டிக் டிரெய்னர் எதற்கு, சேர்ப்பதானால் எப்படிச் சேர்ப்பது?

"எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நர்ஸ் இருக்கிறார், வளாகத்துக்குள்ளேயே சிறு கிளினிக்கும் நடக்கிறது. இவர்களோடு ஒரு அத்லெட்டிக் டிரெய்னரையும் சேர்க்க ஸ்கூல் போர்டு யோசிக்கிறது. அவர் செய்யப்போவதை நர்ஸே செய்ய முடியாதா? கூட்டத்தில் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்?" என்பது கேள்வி. அமெரிக்காவில் பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகள்) இந்த விவாதம் நடக்கிறது. சேர்ப்பது நல்லது என்பதுதான் என் பதில். ஆனால் ஆளை எடுத்து மைதானத்தில் நிறுத்திவிட்டால் மட்டும் அவர் சுகாதாரக் குழுவில் சேர்ந்துவிட மாட்டார். மாலையில் அவர் பார்த்தது மறுநாள் காலை நர்ஸுக்குத் தெரிய வேண்டும். நர்ஸின் கோப்பில் இருப்பதில் அவசரத்துக்கு வேண்டியது மாலையில் டிரெய்னர் கைக்கு எட்ட வேண்டும். இதற்கு ஏற்பாடு செய்யாமல் சம்பளம் மட்டும் கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

முதலில் அவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜிம்மில் பயிற்சி சொல்லித்தருகிறவர் என்று நினைப்பவர்கள் போர்டிலேயே இருப்பார்கள். அத்லெட்டிக் டிரெய்னர் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதைச் சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. இன்று புதிதாக இத்துறைக்குள் வர முதுநிலைப் பட்டம் வேண்டும். படித்து முடித்ததும் பி.ஓ.சி. எனப்படும் சான்றளிப்பு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். அதன்பின் மாநில லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் நெடுங்காலமாகவே மாநில லைசென்ஸ் முறை இல்லாததால், அங்கே பி.ஓ.சி. சான்றிதழைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். காயத்தைப் பரிசோதிப்பது, அவசர சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி, காயம் வராமல் தடுப்பது ஆகியவை அவர் வேலை. எந்த நிலையில் என்ன செய்யலாம் என்று ஒரு மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தரும் நிலையாணைக்கு உட்பட்டோ, மருத்துவரோடு இணைந்தோதான் அவர் இயங்க முடியும். அந்த மருத்துவர் யார், நிலையாணையில் கையெழுத்திட்டது எப்போது என்பது போர்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல இடங்களில் அந்தத் தாள் பழைய மருத்துவரின் பெயரோடு அலமாரியில் கிடக்கும்.

நர்ஸ் போதாதா என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை கடிகாரத்திலேயே இருக்கிறது. நர்ஸின் வேலைநேரம் கடைசி மணியோடு முடிகிறது. கிளினிக்கும் அதையொட்டி மூடிவிடும். ஒரு பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடி, மோதி, விழும் நேரம் பிற்பகல் 3 மணியிலிருந்து இரவு 9 வரை. அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் பெரியவர் கோச் மட்டும்தான். நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அத்லெட்டிக் டிரெய்னரின் சேவை எந்த வடிவிலும் இல்லை. இருக்கும் பள்ளிகளிலும் கணிசமானவற்றில் பகுதிநேரம்தான். பயிற்சியும் வேறு. நாள்பட்ட நோய், மருந்து, தடுப்பூசி, பல நூறு பிள்ளைகளின் அன்றாட உடல்நலம் எல்லாம் நர்ஸின் களம். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக் கழுத்தில் அடிபட்டுக் கிடக்கும் பையனை எப்படி அசையாமல் பிடிப்பது, முழங்கால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று களத்திலேயே எப்படிச் சோதிப்பது என்பது டிரெய்னரின் களம். ஒருவர் வேலையை மற்றவர் பறிக்கவில்லை. இதை நர்ஸிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். அவருக்குத் தெரியாமல் பதவியை உருவாக்கிய இடங்களில் முதல் ஆண்டு முழுக்க உரசலிலேயே போகும்.

இருவரும் இருந்தும் வேலை கெட்டுப்போகக்கூடிய இடங்களைப் பார்ப்போம். மிக ஆபத்தானது வெப்பம். கடும் பயிற்சியின்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக் ஆகஸ்ட் மாதத்தில், அதுவும் பயிற்சி தொடங்கிய முதல் சில நாட்களில்தான் அதிகம் வரும். உடல் இன்னும் வெயிலுக்குப் பழகியிருக்காது. பையன் தடுமாறுவான், சம்பந்தமில்லாமல் பேசுவான், சில சமயம் கோபப்பட்டுக் கத்துவான், பிறகு விழுவான். தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்ற எண்ணம் தவறு; வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்போதும் வரும். நெற்றியிலும் காதிலும் வாயிலும் வைக்கும் தெர்மாமீட்டர்கள் இந்த நிலையில் உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும். அவற்றை நம்பி "102தான், நிழலில் உட்கார வை" என்று சொல்வது உயிரோடு விளையாடுவது. மைதானத்தில் நம்பத்தக்க அளவு ஒன்றே ஒன்றுதான்: ஆசனவாய் வழியாக வளையும் கம்பி முனையைச் செலுத்தி எடுப்பது. 104, 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்து, கூடவே மனக்குழப்பமும் இருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்.

சிகிச்சை குளிர்நீரில் முக்குவது. 150 காலன் கொள்ளும் தொட்டி, கால்நடைக்குத் தண்ணீர் வைப்பார்களே அதுவே போதும், பயிற்சி தொடங்கும் முன்பே நிழலில் பாதி நீரோடு இருக்க வேண்டும். பக்கத்தில் மூன்று நான்கு பெரிய கூலர்களில் ஐஸ். பையன் விழுந்ததும் ஒருவர் 911 என்ற அவசர எண்ணை அழைக்க, மற்றவர்கள் ஐஸைக் கொட்டி அவனைக் கழுத்துவரை இறக்க வேண்டும். அக்குள்களுக்கு அடியில் ஒரு துண்டை நீளவாக்கில் சுற்றிப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டால் தலை நீருக்குள் நழுவாது. ஒருவர் தண்ணீரை விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகி அங்கேயே நின்றுவிடும், குளிர்விப்பு மந்தமாகும். தலையில் ஐஸ் நீரில் நனைத்த துண்டு. நன்றாகக் கலக்கப்பட்ட ஐஸ் நீரில் உள்வெப்பம் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி இறங்கும். 108-இலிருந்து 102-க்கு வரக் கிட்டத்தட்ட 18 நிமிடம். 102 வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்குக் கீழே விட்டால் உடல் மிகையாகக் குளிர்ந்துபோகும். விழுந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆம்புலன்ஸ் பயணம். ஆம்புலன்ஸுக்குள் யாரையும் தொட்டியில் முக்க முடியாது.

இதில் இரண்டு இடங்களில் ஏற்பாடு உடையும். ஒன்று, பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர் ஆசனவாய் வெப்பநிலை என்றதுமே தயங்குவார். அந்தத் தயக்கத்தை ஜூலையிலேயே பேசித் தீர்க்க வேண்டும்: மருத்துவரின் ஆணை, பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி, மறைப்புக்கு ஒரு துணி, உடன் இன்னொரு பெரியவர். அப்படியும் அனுமதி கிடைக்காவிட்டால், அறிகுறியை வைத்தே தொட்டியில் இறக்க வேண்டும். எண் தெரியவில்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, ஆம்புலன்ஸ் குழு வந்ததும் "இப்போதே எடுத்துச் செல்கிறோம்" என்று பையனைத் தொட்டியிலிருந்து தூக்கிவிடும். உள்ளூர் அவசர சேவையோடு முன்கூட்டியே பேசி, குளிர்வித்து முடிந்த பிறகே ஏற்றுவது என்று எழுதி வைத்திருந்தால் அந்தச் சண்டை மைதானத்தில் நடக்காது.

ஹீட் ஸ்ட்ரோக் வராமல் தடுக்க, வெயிலின் கடுமையை அளக்கும் வெட் பல்ப் குளோப் கருவி வேண்டும். வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்று நான்கையும் சேர்த்து அது ஒரே எண்ணாகக் காட்டும். போனில் தெரியும் வானிலை எங்கோ ஒரு நிலையத்தில் அளந்தது; செயற்கைப் புல்தரையில் நிற்பவனுக்கு அது பொருந்தாது. ஜார்ஜியா மாநிலத்தின் பள்ளி விளையாட்டு விதிப்படி இந்த எண் 92-ஐத் தாண்டினால் வெளிப்பயிற்சியே கூடாது, 90 முதல் 92 வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், கவசம் எதுவும் இல்லாமல். குளிர்ப் பகுதி மாநிலங்களில் வரம்பு இன்னும் கீழே இருக்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் உடல் அந்த வெயிலுக்குப் பழகியதில்லை. கருவியைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் டிரெய்னரிடம் இருக்க வேண்டும். அணிவகுப்பு இசைக்குழுவையும் மறந்துவிடாதீர்கள். அவர்களும் அதே ஆகஸ்ட் வெயிலில் கனமான வாத்தியங்களோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள், ஆனால் விளையாட்டுப் பிரிவின் ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரே இருக்காது.

அடுத்து கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்துபோவது. குழுவாக இயங்குவதன் முழு அர்த்தமும் இதில்தான் தெரியும். 2009-இல் வாஷிங்டன் மாநிலம் இதற்கு முதல் சட்டம் கொண்டுவந்தது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டத்திலிருந்து விலக்கு, பிறகு மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது என்பது பொதுவான சாரம். அனுமதி தரத் தகுதியுள்ளவர் யார் என்பது மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் அந்த உரிமை உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவிக்கு அடிபடுகிறது, டிரெய்னர் பரிசோதித்து விலக்குகிறார், பெற்றோரிடம் எச்சரிக்கைத் தாளைக் கொடுக்கிறார். கோச்சுக்கும் சொல்லிவிடுகிறார். திங்கட்கிழமை காலை அவள் வகுப்புக்கு வருகிறாள். நர்ஸுக்குத் தெரியாது. கணித ஆசிரியருக்குத் தெரியாது, தேர்வு வைக்கிறார். மதியம் உடற்கல்வி வகுப்பில் அவளை ஓடச் சொல்கிறார்கள். மாலைப் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளை அதே நாளில் மதியம் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருப்பாள். எல்லாரும் தம் வேலையைச் சரியாகச் செய்தும் இது நடக்கும், ஏனென்றால் அந்தத் தாள் நடந்து போக வழி எதுவும் போட்டு வைக்கவில்லை.

வழி சுலபமானது. விலக்கிய அன்று இரவே டிரெய்னர் ஒரே படிவத்தைப் பாதுகாப்பான முறையில் நர்ஸுக்கு அனுப்ப வேண்டும். திங்கள் முதல் மணிக்கு முன் நர்ஸ் பிள்ளையைப் பார்த்து, கவுன்சிலருக்கும் ஆசிரியர்களுக்கும் நோய் விவரம் இல்லாமல் சலுகைகளை மட்டும் தெரிவிக்க வேண்டும்: தேர்வு தள்ளிவைப்பு, வீட்டுப்பாடம் குறைப்பு, திரை நேரக் குறைப்பு, இரைச்சலான கஃபெட்டீரியாவுக்குப் பதில் அமைதியான அறை, உடற்கல்வி விலக்கு. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பது பழைய முறை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இப்போது 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வு, அதற்குள்ளேயே லேசான நடை என்கிறது. விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் மூன்று படிகளில் அறிகுறி சிறிது கூடினால், பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் போகாமல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். நான்காம் படி மோதல் இல்லாத அணிப் பயிற்சி; அதற்குள் போகும்முன் அறிகுறிகள் முழுக்க நீங்கியிருக்க வேண்டும், ஐந்தாம் படியான மோதலோடு கூடிய முழுப் பயிற்சிக்கு முன் மருத்துவ அனுமதியும் வேண்டும். வகுப்பறைக்கு முழுமையாகத் திரும்பாத பிள்ளையை விளையாட்டில் முழுமையாகத் திருப்பக் கூடாது. வகுப்பில் தலைவலி வந்ததா என்பது நர்ஸுக்குத்தான் தெரியும். ஓடியபின் வந்ததா என்பது டிரெய்னருக்குத்தான் தெரியும். இருவரும் தினம் ஐந்து நிமிடம் பேசாமல் இந்தப் படிகளை யாராலும் ஒழுங்காக நடத்த முடியாது.

எதிர்த்திசையிலும் இதே ஓட்டை உண்டு. நர்ஸின் அறையில் ஆஸ்துமா இன்ஹேலரும் கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசியும் பூட்டிய அலமாரியில் இருக்கும். மாலை நாலரைக்குச் சாவி நர்ஸோடு வீட்டுக்குப் போயிருக்கும். டைப் 1 நீரிழிவுள்ள மாணவன், அரிவாள் அணுப் பண்பு (பரம்பரையாக வரும் ரத்த அணு மாற்றம்) உள்ள மாணவன், கடலைக்கு ஒவ்வாமை உள்ள மாணவன் யார் யார் என்பது நர்ஸிடம் உள்ள தனிநபர் சுகாதாரத் திட்டங்களில் இருக்கும். உடல்தகுதிப் பரிசோதனைப் படிவத்தில் பள்ளிக்கு வருவது தகுதிப் பக்கம் மட்டும்தான். நோய் வரலாற்றுப் பக்கம் மருத்துவரிடமே இருந்துவிடும். அந்தத் தகுதிப் பக்கத்தில் ஒவ்வாமை, மருந்து, அவசரத் தகவல் எழுதும் சிறு கட்டம் உண்டு. பரிசோதனையை உங்கள் பள்ளிக் கிளினிக்கே செய்கிறது என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். பருவம் தொடங்கும் முன் நர்ஸும் டிரெய்னரும் ஒன்றாக உட்கார்ந்து பெயர்ப்பட்டியலை ஒருமுறை கடந்தால், களத்துக்கு எடுத்துப்போகும் பையில் யாருடைய மருந்தின் இரண்டாம் பிரதி இருக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. கருவியும் அப்படித்தான். முகப்பு அலுவலகச் சுவரில் அழகாக மாட்டியிருக்கும்; இரவில் கட்டடம் பூட்டப்பட்டிருக்கும். விழுந்ததிலிருந்து முதல் அதிர்வு வரை மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இதயத் துடிப்பு திடீரென நின்ற பிள்ளைக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. கைக்கடிகாரத்தோடு மைதானத்தின் தொலைவான மூலையிலிருந்து கருவி வரை ஓடிப் போய்த் திரும்பிப் பாருங்கள், விடை உடனே தெரியும். இன்னொன்று: மோதல் இல்லாமல் திடீரென விழுந்து அசைவற்றுக் கிடப்பவனுக்கு, வலிப்பு போலச் சற்று உதறினாலும், மூச்சுத் திணறலாகக் கொட்டாவி போல வந்தாலும், இதயம் நின்றதாகவே கொண்டு நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும். வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆவணங்களைப் பகிர்வதில் சட்டம் தடுக்கிறது என்று சொல்லிப் பலரும் ஒதுங்குவார்கள். யார் யாரிடம் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது அது. மாவட்டமே சம்பளம் தரும் நர்ஸ், டிரெய்னர் ஆகியோரின் பதிவுகள் பொதுவாகக் கல்விப் பதிவுகள். அவற்றுக்கு மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம். வெளி நிறுவனம் நடத்தும் கிளினிக்கின் பதிவுகளுக்கு மருத்துவத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம். சிகிச்சைக்காக ஒரு மருத்துவப் பணியாளர் இன்னொருவரிடம் பேச ஹிப்பா தனி ஒப்புதல் கேட்பதில்லை. பள்ளிப் பதிவை டிரெய்னர் பார்க்க, அவர் ஒப்பந்த ஊழியரானாலும், கல்விசார் தேவையுள்ள பள்ளி அலுவலர் என்று மாவட்டம் எழுதி வரையறுத்தால் வழியிருக்கிறது. இருந்தாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே நர்ஸ், டிரெய்னர், கிளினிக் மூவருக்கும் பொதுவான ஒப்புதல் படிவம் ஒன்றில் பெற்றோர் கையெழுத்தை வாங்கிவிடுவது சிக்கலைக் குறைக்கும். ஆனால் கிளினிக்கின் முழுக் கோப்பையும் டிரெய்னருக்குத் திறந்துவிடக் கூடாது. மனநலம், இனப்பெருக்க நலம் சார்ந்த பக்கங்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அதைக் காப்பாற்றாவிட்டால் பிள்ளைகள் கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

வேலைக்கு எடுக்கும் முறையில் மூன்று வழக்கங்கள் உண்டு. மாவட்டமே முழுநேரமாக எடுப்பது. உள்ளூர் மருத்துவமனை அல்லது எலும்பு சிகிச்சை நிலையத்தோடு ஒப்பந்தம். ஆசிரியராகவும் டிரெய்னராகவும் ஒரே ஆள். முதலாவதுதான் குழுவோடு நன்றாக ஒட்டும். மருத்துவமனை ஒப்பந்தம் மலிவாகவோ இலவசமாகவோ கூட வரும். அப்போது காயம்பட்ட பிள்ளையைத் தம் மருத்துவர்களிடமே அனுப்பச் சொல்லும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள், எங்கே போவது என்பது குடும்பத்தின் உரிமை. "ஆட்ட நாட்கள் மட்டும்" என்ற ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக் பெரும்பாலும் பயிற்சியில்தான் வருகிறது. ஒப்பந்தம் பள்ளி திறக்கும் நாளில் தொடங்கினாலும் தாமதம். முதல் பயிற்சி நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

யாருக்குக் கீழே என்பதில் நெகிழ்ச்சி காட்டாதீர்கள். கால அட்டவணையை விளையாட்டு இயக்குநர் பார்க்கலாம். மருத்துவ முடிவுகளில் டிரெய்னர் பதில் சொல்ல வேண்டியது மருத்துவருக்கு. எடுப்பதும் நீக்குவதும் மதிப்பிடுவதும் கோச்சின் கையில் இருக்கக் கூடாது, ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய நாள் நட்சத்திர ஆட்டக்காரனை விலக்கியதற்காக அவர் வேலை ஆட்டம் காணும்.

செலவைக் காப்பீட்டிலிருந்து ஈடுகட்டலாம் என்று யாராவது போர்டில் சொல்வார்கள். 97169 முதல் 97172 வரையிலான பில்லிங் குறியீடுகள் 2017 முதல் அத்லெட்டிக் டிரெய்னருக்கென்றே இருக்கின்றன. ஆனால் குறியீடு இருப்பது வேறு, காப்பீடு பணம் தருவது வேறு. குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டு தருமா என்பது மாநிலத் திட்டத்தில் இத்தொழில் தகுதியுள்ள சேவையாளராக இடம்பெற்றிருப்பதைப் பொறுத்தது. அந்த வருமானத்தை நம்பிப் பதவியை உருவாக்கினால் இரண்டாம் ஆண்டில் வெட்டிவிடுவார்கள். பட்ஜெட்டில் நிலையான வரியாகவே கேளுங்கள்.

வேலைநேரம் காலை 11 மணிபோலத் தொடங்கினால் டிரெய்னர் குழுவில் உண்மையாகவே சேர்வார். மதிய நேரத்தில் நர்ஸ் அனுப்பும் சுளுக்கையும் உடற்கல்வி வகுப்பில் வரும் காயங்களையும் பார்க்கலாம். கணுக்கால் சுளுக்கு என்றால் எலும்பின் பின்விளிம்பைத் தடவி வலியைப் பார்த்து, நான்கு காலடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா என்று கவனித்தே எக்ஸ்ரே தேவையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை வகுப்பை விட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மைதானங்களில் ஒரே மாலையில் ஆட்டம் நடந்தால் ஒருவரால் மூன்றிலும் நிற்க முடியாது. மோதல் அதிகமுள்ள ஆட்டத்தில் அவர் நிற்பார், மற்ற இரண்டில் கோச்சுகளுக்கு சி.பி.ஆர். (நெஞ்சழுத்த உயிர்காப்பு) பயிற்சியும் அந்த இடத்துக்கென எழுதிய அவசரத் திட்டமும் இருக்க வேண்டும். வாயிற்கதவு எது, அதன் சாவி யாரிடம், 911-க்குச் சொல்ல வேண்டிய முகவரி எது என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

இந்த ஆண்டே செய்வதானால் வசந்தத்துக்குள் போர்டு முடிவெடுத்து, ஜூனுக்குள் ஆளை எடுத்துவிட வேண்டும். ஜூலையில் மருத்துவரின் நிலையாணை, ஒப்புதல் படிவம், நர்ஸோடு பெயர்ப்பட்டியல் ஆய்வு. முதல் பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பு நர்ஸ், டிரெய்னர், கோச்சுகள், ஆம்புலன்ஸ் குழு எல்லாரும் மைதானத்தில் கூடி, ஒரு பெரியவரைப் படுக்கவைத்து, தொட்டி வரை தூக்கிச் சென்று இறக்கிப் பார்க்க வேண்டும். தொட்டி குழாயிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறது, ஐஸ் இயந்திர அறை பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரியவரும், சரிசெய்ய ஒரு வாரமும் கையில் இருக்கும்.